பால்சோறு என்னும் பட்டினி

"நாய்க்குச் சாப்பாட்ட மாத்தி மாத்திப் போடாதலே. வயிறு கெட்டுரும். ஒண்ணையே போட்டுப் பழக்கு."

முக்கூடலில் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் நாலு வீடு தாண்டுவதற்குள் இந்தப் புத்திமதி காதில் விழுந்துவிடும். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அக்கா சொல்வார். டீக்கடையில் பேப்பர் படிக்கும் அண்ணாச்சியும் அதையேதான் சொல்வார். அவர்கள் சொல்லும் அந்த ஒன்று பால்சோறு. பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் லாப்ரடார் வளர்ப்பவர் பால்சோற்றைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆனால் அவரும் பாக்கெட் தீனியைக் காட்டி, "இதைத் தவிர வேற எதையும் வாயில வைக்க விடமாட்டேன்" என்று பெருமையாகத்தான் சொல்வார். ஒருவர் கையில் சட்டி, இன்னொருவர் கையில் பாக்கெட். இருவர் மனத்திலும் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: நாய்க்கு ஒரே உணவு போதும், அதை ஆயுள் முழுக்க மாற்றக் கூடாது.

இந்த நம்பிக்கை தவறு. வயிறு நிரம்பியிருக்கும்போதே உடம்பைப் பட்டினி போடுகிற தவறு. நாயை நேசிப்பவர்களே இதைச் செய்கிறார்கள் என்பதால்தான் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடித்துத் துன்புறுத்துகிறவனைத் தெருவே கண்டிக்கும். தினமும் இரண்டு வேளை தவறாமல் பால்சோறு பிசைந்து வைக்கிறவரை யாரும் கண்டிப்பதில்லை.

இதற்கு எதிராகப் பேசினால் முதலில் வருகிற பதில் ஒன்று உண்டு. அது வலுவான பதில், அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. "எங்க தாத்தா காலத்து நாய் பழைய சோத்தத் தின்னுட்டுத்தான் பதினஞ்சு வருசம் கெடந்துது. அதுக்கு முட்டையா குடுத்தாவ, மீனா குடுத்தாவ?"

கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் தாத்தா கொடுத்தது மட்டுமா அந்த நாய் தின்றது? காலையில் நீத்தண்ணியும் ஒரு கை பழைய சோறும் தின்றுவிட்டு அது வயலுக்குப் போனது. தாமிரபரணிக் கரையின் கார் சாகுபடியும் பிசானமும் மனிதர்களுக்கு மட்டும் சோறு போடவில்லை. அறுப்பு நேரத்தில் வரப்பைத் தோண்டி எலி பிடிக்கும்போது முன்னால் நின்றது அந்த நாய். வயல் நண்டை ஓட்டோடு கடித்தது. வாய்க்காலில் தண்ணீரை அடைத்த நாட்களில் தேங்கிய குட்டைகளில் அயிரையும் கெண்டையும் துள்ளும். ஆட்கள் அரித்து எடுத்தது போக மிச்சம் நாய்க்குத்தான். வைக்கோல் படப்புக்குள் கோழி திருட்டுத்தனமாக இட்ட முட்டை, கிடையில் ஆடு குட்டி போட்டால் நஞ்சுக்கொடி, ஞாயிற்றுக்கிழமை கறி வெட்டுகிற இடத்தில் குடல், சவ்வு, எலும்பு எல்லாம் அதற்குக் கிடைத்தன. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஊர்க்கோடியில் கிடந்த மனிதக் கழிவையும் அது தின்றது. தாத்தா வைத்த சோறு அதன் சாப்பாட்டில் ஒரு பங்குதான். மீதியை அது தன் நாலு காலால் சம்பாதித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் வாழ்ந்த நாயைத்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அதே ஈற்றில் பிறந்து, வயிறு உப்பி, கால் சூம்பிக் குட்டியிலேயே செத்துப்போனவற்றை யாரும் கணக்கு வைக்கவில்லை. பிழைத்ததை மட்டும் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது.

இன்று நாம் வளர்க்கும் நாய் எங்கே இருக்கிறது? காம்பவுண்டுச் சுவருக்குள், இரும்பு கேட்டுக்குப் பின்னால், பெரும்பாலும் சங்கிலியில். டைல்ஸ் பதித்த தரையில் அதற்கு ஒரு தவளைகூட அகப்படாது. தட்டில் இல்லாதது எதுவும் அதன் உடம்பில் சேர வழியே இல்லை. தாத்தாவின் நாயிடமிருந்து வயலையும் வாய்க்காலையும் பிடுங்கிக்கொண்டு, பழைய சோற்றை மட்டும் கொடுத்து, "பாரம்பரியம்" என்று பேர் வைத்திருக்கிறோம்.

பால்சோற்றில் என்னதான் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துவிடலாம். இருபது கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய். நாள் முழுக்க அரைக் கிலோ சாதமும் கால் லிட்டர் பாலும் அதற்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் அவ்வளவு பால் கிடையாது, தண்ணீர் கலந்ததுதான். இருந்தாலும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சாதத்தில் ஏறக்குறைய 13 கிராம் புரதம், பாலில் 8 கிராம், ஆக 21 கிராம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006இல் வெளியிட்ட அளவுப்படி அந்த எடையுள்ள நாய்க்குத் தினமும் சுமார் 31 கிராம் புரதம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் இருக்கிற புரதத்திலும் தரம் போதாது. இரண்டு அவித்த முட்டை சேர்த்தால் இந்தக் குறை அன்றைக்கே தீரும்.

"பால்ல கால்சியம் இருக்கே?" இருக்கிறது. கால் லிட்டரில் சுமார் 300 மில்லிகிராம். அந்த நாய்க்குத் தேவை 1,200 மில்லிகிராம் அளவில். பால் நாலில் ஒரு பங்குதான் தருகிறது, அரிசி தருவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பாலிலும் அரிசியிலும் சேர்ந்தாற்போல் இல்லாத இன்னொன்று இரும்புச் சத்து. ஈறு வெளுத்து, நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிற எத்தனை நாய்களுக்கு நாம் "சோம்பேறி" என்று பட்டம் கட்டியிருக்கிறோம்! வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையும் சரியாகச் செரிப்பதில்லை. கழிச்சல் வந்தால் பாலை யாரும் சந்தேகப்படுவதில்லை. முந்தாநாள் யாரோ போட்ட மீன்தலைமேல் பழி விழும்.

குட்டிகளின் கதை இன்னும் மோசம். எங்கள் பக்கத்துத் தெருவில் கோவில்பட்டிப் பக்கமிருந்து வாங்கி வந்த கன்னிக் குட்டி ஒன்று வளர்ந்தது. கரிசல் மண்ணின் வேட்டை நாய், நான்கு மாதத்தில் மான் மாதிரி நிற்க வேண்டிய சாதி. அதன் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, மணிக்கட்டு தடித்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. எழுந்து நிற்கும்போது கால் நடுங்கியது. வளர்த்தவர் பாசக்காரர். காலையும் மாலையும் ஒரு பருக்கை தெரியாமல் கூழாகப் பிசைந்து பால்சோறு ஊட்டியிருந்தார். கால்நடை மருத்துவர் குட்டியை மேசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இது பால்சோறு தவிர வேற என்ன தின்னுருக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. "வெயில்லதான் சார் கட்டிப்போடுதேன், காலு நல்லா வரட்டும்னு" என்றார் வளர்த்தவர்.

அந்த வெயில் நம்பிக்கையையும் சேர்த்தே உடைக்க வேண்டும். மனிதத் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி உருவாகும். நாயின் தோலில் அது போதிய அளவு உருவாவதில்லை என்று நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994இல் காட்டினார்கள். நாய்க்கு வைட்டமின் டி வாய் வழியாகத்தான் போக வேண்டும்: முட்டையின் மஞ்சள் கருவில், ஈரலில், மத்தி மாதிரியான கொழுப்பு மீனில். பாலில் மிகக் குறைவு, அரிசியில் அறவே இல்லை. வெயிலில் கட்டிப்போட்ட குட்டிக்கு மிஞ்சியது வெயில் மட்டும்தான்.

குழந்தைகளின் கணைச்சூட்டு நோயை, அதாவது எலும்பு வளைகிற ரிக்கெட்ஸை, உலகம் புரிந்துகொண்டதே நாய்க்குட்டிகளைக் கொண்டுதான். இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி முதல் உலகப் போர்க் காலத்தில் நாய்க்குட்டிகளுக்குக் கஞ்சி வகையறாக்களை மட்டும் கொடுத்து வளர்த்தார், கால்கள் வளைந்தன. காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்த குட்டிகளுக்கு வளையவில்லை. 1919இல் இதை அவர் வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தக் குட்டிகளின் வலியால் நம் குழந்தைகளின் கால்கள் நேராயின. அந்தக் கஞ்சிச் சோதனையை நாம் இன்னும் நம் வீட்டுக் குட்டிகள்மேல் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கருநாக்கு நோய் இன்னொரு சாட்சி. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெல்லாக்ரா வந்தது. தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, புத்தி பேதலித்தது. ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர் அது தொற்று நோயல்ல, உணவுக் குறையால் வருவது என்று காட்டினார். அதே உணவைத் தின்ற நாய்களுக்கு நாக்கு கறுத்தது. 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஜெம் ஈரல் சாற்றிலிருந்து நிகோடினிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துக் கொடுத்தபோது நாய்களுக்குக் கருநாக்கு குணமானது. நம் நாட்டிலும் இது நடந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, சோளத்தை முக்கிய உணவாகக் கொண்ட விவசாயக் கூலிகளுக்கு பெல்லாக்ரா வருவதை ஆராய்ந்தார். பவானி பெலவாடியும் அவரும் நாய்களுக்குச் சோள உணவு கொடுத்துக் கருநாக்கை உண்டாக்கிக் காட்டினார்கள். 1965இல் லான்செட் இதழில் வந்தது. பால்சோற்றை விட்டுவிட்டு "சிறுதானியம்தான் நாட்டு நாய்க்கு நல்லது" என்று சோளக் கூழுக்கு மட்டும் மாறுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குற்றம் அரிசியிலும் இல்லை, சோளத்திலும் இல்லை. எந்தத் தானியத்தையும் தனியாக நம்புவதில்தான் குற்றம்.

இதற்கு நேர் எதிரே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. நாய் என்றால் ஓநாய், கறியைத் தவிர எதையும் தொடக் கூடாது என்கிறார்கள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எரிக் அக்செல்சன் குழுவினர் 2013இல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மாவுச் சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதி மட்டும் இருக்கிறது. நாயிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது. மனிதனோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் சோறு தின்று நாயின் வயிறு மாறியிருக்கிறது. சோறு நாய்க்கு விஷமல்ல, அதைத் தாராளமாகப் போடலாம். கறி மட்டும் போட்டாலோ பாஸ்பரஸ் ஏறி, கால்சியம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாமல் போகும்; குட்டியின் உடம்பு தன் எலும்பைத் தானே கரைத்துக் கால்சியம் எடுக்கத் தொடங்கும். கோழிக்கடையில் தோலும் குடலும் வாங்கி வந்து தினமும் அதையே வேகவைத்துப் போடுகிறவர்கள் பால்சோற்றுக்காரரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர்கள் செய்வதும் அதே பிழை, வேறு வாசனையில்.

பாக்கெட் தீனி பற்றி நியாயமாகவே பேச வேண்டும். நல்ல நிறுவனத்தின் முழுச்சத்து உணவு பால்சோற்றைவிட எத்தனையோ மடங்கு மேல். நேரமில்லாதவர் அதைப் போடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. நான் எதிர்ப்பது "இது ஒன்றே போதும், வேறு எதுவும் ஆகாது" என்கிற பிடிவாதத்தை. ஒரே ஆலையின் ஒரே மூட்டையை நம்பினால் அந்த ஆலையில் நேர்கிற ஒவ்வொரு தவறும் நேராக நம் நாயின் சிறுநீரகத்துக்குப் போகும். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் அதுதான் நடந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஆறு கோடி டப்பா, பைகளைத் திரும்பப் பெற்றது. அதற்குள் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்திருந்தன. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. குட்டிப் பருவத்தில் சமைக்காத இறைச்சி சார்ந்த உணவும் வீட்டுச் சாப்பாட்டின் மிச்சமும் தின்று வளர்ந்த நாய்களுக்குப் பிற்காலத்தில் நாள்பட்ட குடல் நோய் குறைவாகவும், உலர் தீனி தின்றவற்றுக்குக் கூடுதலாகவும் தெரிந்தது. வளர்ப்பவர்கள் நிரப்பிய கேள்வித்தாளை வைத்துச் செய்த ஆய்வு அது. முடிந்த முடிவென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "பலதும் தின்றால் வயிறு கெடும்" என்ற நம்பிக்கைக்கு அது துணை நிற்கவில்லை என்பது உறுதி.

அப்படியானால் உணவை மாற்றினால் கழிச்சல் போகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. மூன்று வருடம் பால்சோறு மட்டும் கண்ட வயிற்றில் ஒரே நாளில் அரைக் கிலோ கறியைப் போட்டால் கழியாமல் என்ன செய்யும்? குடலில் வாழும் நுண்ணுயிர்கள் வந்த உணவுக்கு ஏற்பத்தான் பெருகியிருக்கும். பழகாததைத் திடீரென்று கொட்டினால் அவை தடுமாறும். பழையதில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றினால் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆகாது. சிறு வயதிலிருந்தே பலதும் பழகிய நாய்க்கு அந்த ஏற்பாடும் அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரே உணவு கொடுத்து வயிற்றைப் பலவீனமாக்கிவிட்டு, அந்தப் பலவீனத்தையே ஒரே உணவுக்கு ஆதாரமாகக் காட்டுகிறோம். இந்தச் சுற்றைத்தான் நாம் அனுபவ அறிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

"நாய் வயித்துல நெய் தங்காது" என்ற பழமொழியும் இதற்குத் துணைக்கு வரும். நெய் தங்காத வயிற்றுக்கு நாயின் தாய்ப்பாலில் கொழுப்பு ஏன்? பசும்பாலில் நூற்றுக்கு நாலு பங்கு இருக்கும் கொழுப்பு, நாய்ப்பாலில் ஒன்பது பங்கு அளவில் இருக்கிறது. கொழுப்பு நாய்க்கு இயல்பான எரிபொருள். ஒரே நாளில் பலகாரம் பொரித்த எண்ணெயையும் கறிக் கொழுப்பையும் அளவின்றிக் கொட்டுவதுதான் கணையத்தைக் கெடுக்கும்.

கறி போட்டால் நாய் மூர்க்கமாகிவிடும், ஆளைக் கடிக்கும் என்பது இன்னொரு பயம். இந்தப் பயத்தினால் எத்தனையோ வீடுகளில் முட்டைகூட நாயின் தட்டுக்கு வருவதில்லை. நாயை மூர்க்கமாக்குவது சங்கிலி. விடிந்தது முதல் அடைந்தது வரை மூன்றடி நீளத்தில் கட்டிக்கிடக்கும் விலங்குக்கு வருகிற ஆள் எல்லாம் எதிரியாகத்தான் தெரியும். குட்டியில் மனிதரோடு பழக விடாதது, கல்லெறிந்து விளையாடுகிற பிள்ளைகளைக் கண்டிக்காதது, அடித்து வளர்ப்பது, இவை நாயைக் கடிக்க வைக்கும். ஈரல் ஒரு துண்டு கடிக்க வைக்காது. சைவ வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பூனையைப் போல நாய் கறியில்லாமல் வாழவே முடியாத பிராணி அல்ல. முட்டையும் வேண்டாம் என்றால் பருப்பு, சோயா, பன்னீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, விடுபடும் வைட்டமினுக்கு மருத்துவரிடம் மருந்து கேட்டு வாங்க வேண்டும். தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்வது சைவம் ஆகாது, அலட்சியம் ஆகும்.

பலவகை உணவு என்றதும் வீட்டில் மிஞ்சிய குழம்பையெல்லாம் ஒன்றாகக் கொட்டுவதாக யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாத நாள் கிடையாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 கிராம் அளவு போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரியத் தொடங்கும். திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க விஷமுறிவு மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அவர்கள் கை காட்டிய பொருட்களில் புளியும் உண்டு. திருநெல்வேலிக்காரர் இதைப் படித்துவிட்டுப் புளிக்குழம்புச் சட்டியை நாயின் தட்டில் கவிழ்க்க மாட்டார் என்று நம்புகிறேன். பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸ் பழமும் ஆகாது, சாக்லேட்டும் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பீடித் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: தூள் வைத்த முறத்தைத் தரையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், அந்தப் புகையிலைத்தூள் நாய்க்குக் கடும் விஷம். டீக்கடை வாசலில் நாய்க்கு பிஸ்கட் போடும் புண்ணியவான்களின் மனத்தை நான் மதிக்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு அவித்த முட்டை போட்டால் அந்த நாய்க்கு உண்மையிலேயே உதவியதாகும்.

சரி, என்னதான் போடுவது? சோற்றை நிறுத்த வேண்டாம். தட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சோறு இருக்கட்டும், சில நாள் அதன் இடத்தில் கேப்பைக் களி, சில நாள் அவித்த சீனிக்கிழங்கு. நூறு கிராம் கேப்பையில் 344 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்துதான். மீதி இடத்தில் இரண்டு நாள் முட்டை, இரண்டு நாள் மீன், ஒரு நாள் கோழி அல்லது ஆட்டுக் கழிவுக் கறி, வாரம் ஒரு முறை கொஞ்சம் ஈரல். ஈரல் அளவு மீறினால் வைட்டமின் ஏ கூடிப்போகும் என்பதால் கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிறவரிடம் சாளை வாங்குங்கள். நாம் உண்ணும் மீன்களில் மலிவானவற்றில் ஒன்று. குக்கரில் உப்பும் மசாலாவும் இல்லாமல் நன்றாக வேகவிட்டால் அதன் முள் விரலுக்கிடையில் மாவாக நசுங்கும். நசுங்குகிறதா என்று ஒவ்வொரு துண்டையும் பிசைந்து பார்த்துவிட்டு வையுங்கள். புரதம், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் அந்த ஒரு பிடி சாளையில் இருக்கின்றன. பால்சோற்றில் குறைபவை அவைதான்.

காய்கறியையும் விடாதீர்கள். மஞ்சள் பூசணி, கேரட், முருங்கைக்கீரை, எதுவானாலும் வேகவைத்து மசித்து ஒரு கை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவில், வாரம் மூன்று முறையாவது காய்கறி தின்ற நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. ஒரு சாதி நாயில் கண்டது எல்லாச் சாதிக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு கை பூசணிக்காய் கொடுப்பதால் கெடப்போவது ஒன்றுமில்லை. பலவகை என்பதற்காக அளவைக் கூட்டவும் வேண்டாம். 48 லாப்ரடார்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான நெடுங்கால ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் கூட்டாளிகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. விலா எலும்பு கையால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணால் பார்த்தால் எண்ணுகிற மாதிரி இருக்கக் கூடாது.

"மனுசனுக்கே இதெல்லாம் தட்டுப்பாடு, நாய்க்குப் போயி முட்டையும் மீனுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவரின் வறுமை உண்மையாக இருந்தால் அவரோடு எனக்கு வாதமில்லை. ஆனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் கொடுத்து இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வாங்கி வந்தவர் வாயிலிருந்துதான் வருகிறது. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. நம் சாதி நாய் என்று மார்தட்டுகிறோம். அந்த நாயின் தட்டில் வெள்ளைச் சோறும் வெள்ளைத் தண்ணீரும். மீன்காரர் வெட்டி எறிகிற தலையும் கறிக்கடையில் மிஞ்சுகிற மண்ணீரலும் கேட்டால் சும்மாவே கிடைக்கும், இல்லையென்றால் சில ரூபாய்க்குக் கிடைக்கும். காசு இங்கே தடை இல்லை. "மாற்றக் கூடாது" என்ற அந்த ஒரு சொல்தான் தடை.

அந்தக் கன்னிக் குட்டிக்கு மருத்துவர் ஊசி மருந்தோடு முட்டையும் மீனும் கேப்பையும் எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அது ஓடத் தொடங்கியது. ஆனால் இடது முன்னங்கால் முழுதாக நேராகவில்லை, இனி ஆகவும் ஆகாது. வளர்கிற எலும்புக்கு அந்தச் சில மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

ஆகவே முக்கூடல்காரர்களையும், நாய் வளர்க்கும் மற்ற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு சோறு பிசைவதற்கு முன் அடுப்பில் ஒரு முட்டையைப் போடுங்கள். வெந்ததும் உரித்து, பாதியை மசித்துச் சோற்றோடு கலந்து வையுங்கள். நாளை மறுநாள் முழு முட்டை. அடுத்த வாரம் சாளை. குட்டியாக இருந்தாலோ, ஏற்கெனவே நோய் இருந்தாலோ, திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊருக்குப் பக்கத்தில் அரசுக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. ஒரு தடவை காட்டிக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.